முதல் வலிப்பு: உடனே மருந்தா, பொறுத்திருந்து பார்ப்பதா?

உலகச் சுகாதார நிறுவனம் தரும் இரண்டு எண்களை முதலில் பார்ப்போம். மக்களில் 10 விழுக்காட்டினர் வரை வாழ்நாளில் ஒரு முறை வலிப்புக்கு ஆளாகிறார்கள். ஆனால் வலிப்பு நோயுடன் வாழ்பவர்கள் உலகம் முழுவதும் சுமார் 50 மில்லியன் பேர்தான். அதாவது, 100 பேரில் ஒருவருக்கும் குறைவு.

இரண்டு எண்களுக்கும் நடுவே ஏன் இத்தனை இடைவெளி? ஒரு தடவை வலிப்பு வந்த எல்லாருக்கும் வலிப்பு நோய் இருப்பதில்லை என்பதுதான் முக்கியக் காரணம். பலருக்கு அந்த ஒரு தடவையோடு எல்லாம் முடிந்துவிடுகிறது. சிலருக்கு மீண்டும் மீண்டும் வருகிறது. யாருக்கு முடியும், யாருக்குத் தொடரும் என்பதை அன்றைக்கே உறுதியாகச் சொல்லும் கருவி எதுவும் இல்லை.

அதனால்தான் முதல் வலிப்புக்குப் பிறகு மருத்துவர் சில வேளைகளில், “மருந்து தொடங்கலாம், தொடங்காமல் பொறுத்தும் பார்க்கலாம்” என்கிறார். பெற்றோருக்கு இது திகைப்பாக இருக்கும். நோய் என்று வந்தால் மருந்து கொடுப்பதுதானே முறை, இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்று தோன்றும். ஆனால் அந்தப் பதில் தடுமாற்றத்தில் வருவது அன்று. அதற்குப் பின்னால் பல ஆண்டு ஆய்வுகள் இருக்கின்றன. அவற்றைப் புரிந்துகொள்ள, கணிதப் பாடத்தில் நீங்கள் படிக்கும் நிகழ்தகவே போதும்.

மூளைக்குள் என்ன நடக்கிறது?

நம் மூளையில் சுமார் 86 பில்லியன் நியூரான்கள் இருக்கின்றன. இவை சிறு மின்துடிப்புகள் மூலமும் வேதிப்பொருள்கள் மூலமும் ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. குளுட்டமேட் என்னும் வேதிப்பொருள் பக்கத்து நியூரானைத் தூண்டுகிறது. காபா என்னும் வேதிப்பொருள் அடக்குகிறது. தூண்டுவதும் அடக்குவதும் சமநிலையில் இருக்கும்வரை மூளை ஒழுங்காக வேலை செய்கிறது.

ஒரு வகுப்பறையை நினைத்துக்கொள்ளுங்கள். 30 மாணவர்களும் ஆளுக்கொரு பேச்சாகப் பேசினால் சலசலப்பு இருக்கும்; ஆனாலும் பக்கத்தில் இருப்பவர் சொல்வது காதில் விழும். 30 பேரும் ஒரே தாளத்தில் மேசையைத் தட்டத் தொடங்கினால்? வேறெந்தக் குரலும் கேட்காது. வலிப்பும் இப்படித்தான். ஏராளமான நியூரான்கள் ஒரே நேரத்தில், ஒரே தாளத்தில் மின்துடிப்பை வெளியிடுகின்றன. அந்தச் சில நிமிடங்களுக்கு மூளையின் வழக்கமான வேலை நின்றுபோகிறது.

இது மூளையின் ஒரு பகுதியில் மட்டும் நடந்தால் ஒரு கை மட்டும் துடிக்கலாம். அல்லது சில வினாடிகள் வெறித்த பார்வையோடு நின்றுவிடலாம். மூளை முழுவதும் பரவினால் நினைவு தப்பும், உடல் விறைக்கும், கைகால்கள் வெட்டி வெட்டி இழுக்கும்.

‘காக்காய் வலிப்பு’ என்று நம் வீடுகளில் சொல்வதைக் கேட்டிருப்பீர்கள். கால்-கை வலிப்பு என்ற சொல்தான் பேச்சில் அப்படி மருவியது. காக்கைக்கும் இதற்கும் தொடர்பில்லை. மலாய்மொழியில் இதைச் ‘சாவான்’ என்பார்கள். எந்தப் பெயரில் அழைத்தாலும் இது மூளையின் மின்செயல்பாட்டில் ஏற்படும் கோளாறு. பேய் பிடிப்பதும் இல்லை, தொற்றுவதும் இல்லை.

மருந்துக்கு முன் மூன்று கேள்விகள்

மருந்து வேண்டுமா என்று யோசிப்பதற்கு முன் மருத்துவர் மூன்று கேள்விகளுக்கு விடை தேடுவார்.

முதல் கேள்வி: வந்தது வலிப்புதானா? பள்ளிச் சபைகூடலில் வெயிலில் நெடுநேரம் நின்ற மாணவர் மயங்கி விழுவதைப் பார்த்திருப்பீர்கள். மயக்கத்திலும் கைகால்கள் சில தடவை வெட்டி இழுக்கலாம். ஆனால் மயங்குபவருக்கு முன்னதாகவே முகம் வெளுக்கும், கண் இருட்டும்; படுக்க வைத்தால் விரைவில் தெளிந்துவிடுவார். பெரிய வலிப்பு வந்தவர் தெளிய அதிக நேரம் எடுக்கும். எங்கே இருக்கிறோம் என்பதே தெரியாமல் குழம்புவார். நாக்கின் பக்கவாட்டில் கடிபட்ட காயமும் இருக்கலாம். விழுந்தவருக்கு எதுவும் நினைவிருக்காது என்பதால், பக்கத்தில் இருந்து பார்த்தவர் சொல்வதுதான் மருத்துவருக்குப் பெரிய தடயம். கைத்தொலைபேசியில் எடுத்த ஒரு நிமிடக் காணொளி இன்னும் உதவும். அதை மருத்துவரிடம் மட்டும் காட்டுங்கள்; நண்பர்களுக்கு அனுப்பாதீர்கள்.

இரண்டாம் கேள்வி: உடனடிக் காரணம் ஏதும் இருந்ததா? இரத்தத்தில் சர்க்கரையோ சோடியமோ மிகவும் குறைதல், மூளைக்காய்ச்சல், தலையில் பலத்த அடி, நெடுநாள் குடித்தவர் மதுவைத் திடீரென்று நிறுத்துதல் ஆகியவை வலிப்பைக் கொண்டுவரக்கூடும். 6 மாதம் முதல் 5 வயது வரையுள்ள சில குழந்தைகளுக்குக் காய்ச்சலே வலிப்பைத் தூண்டும். இப்படிக் காரணம் தெரிந்தால் அந்தக் காரணத்தைச் சரிசெய்வதுதான் மருத்துவம். ஆண்டுக்கணக்கில் வலிப்பு மருந்து பொதுவாகத் தேவைப்படாது.

மூன்றாம் கேள்வி: இது உண்மையிலேயே முதல் தடவைதானா? உங்கள் வயதினர் இதைக் கவனிக்க வேண்டும். பதின்ம வயதில் தொடங்கும் ஒருவகை வலிப்பு நோயில், காலையில் எழுந்த சிறிது நேரத்திற்குக் கைகள் திடுக்கென்று உதறும். பல்துலக்கி கையிலிருந்து எகிறும்; பசியாறும்போது மைலோ குவளை தவறி விழும். “கவனமில்லாத பிள்ளை” என்று வீட்டில் திட்டு விழுமே தவிர, யாரும் அதை நோயாக நினைப்பதில்லை. தேர்வுக்காகக் கண்விழித்துப் படித்த இரவுக்கு மறுநாள் காலை பெரிய வலிப்பு வரும்போதுதான் மருத்துவமனைக்குப் போவார்கள். எல்லாரும் முதல் வலிப்பு என்று நினைப்பார்கள். மாதக்கணக்கில் வந்த அந்தச் சிறு உதறல்களும் வலிப்புகள்தாம் என்பது விசாரித்தால்தான் தெரியும். இத்தகையவர்களுக்குப் பொதுவாக மருந்து தொடங்கும்படியே மருத்துவர்கள் சொல்வார்கள்.

இந்தக் கேள்விகளோடு இரண்டு சோதனைகளும் உண்டு. தலையில் மின்முனைகளை ஒட்டி மூளையின் மின் அலைகளைப் பதிவுசெய்வது இ.இ.ஜி. மனித மூளையில் இதை முதலில் பதிவுசெய்தவர் ஜெர்மனியைச் சேர்ந்த ஹான்ஸ் பெர்கர், ஆண்டு 1924. மற்றது எம்.ஆர்.ஐ. ஸ்கேன். மூளையில் பழைய காயமோ கட்டியோ இருக்கிறதா என்பதை அது காட்டும்.

மீண்டும் வரும் வாய்ப்பு எவ்வளவு?

உடனடிக் காரணம் எதுவும் இல்லாமல் முதல் வலிப்பு வந்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அது திரும்ப வருமா?

அமெரிக்க நரம்பியல் கழகமும் அமெரிக்க வலிப்பு நோய்ச் சங்கமும் 2015இல் பெரியவர்களுக்கான வழிகாட்டி ஒன்றை வெளியிட்டன. பல ஆய்வுகளைத் தொகுத்த அந்த வழிகாட்டியின்படி, முதல் இரண்டு ஆண்டுகளில் வலிப்பு மீண்டும் வரும் வாய்ப்பு 21 முதல் 45 விழுக்காடு. அதற்குப் பிறகு வாய்ப்பு குறைந்துகொண்டே போகிறது.

எல்லாருக்கும் வாய்ப்பு ஒன்றல்ல. நான்கு அடையாளங்கள் அதை உயர்த்துகின்றன. மூளையில் முன்பே காயமோ பக்கவாதமோ ஏற்பட்டிருப்பது ஒன்று. இ.இ.ஜி.யில் வலிப்புக்குரிய அலைகள் தெரிவது இரண்டு. ஸ்கேனில் கோளாறு தென்படுவது மூன்று. தூக்கத்தில் வலிப்பு வந்திருப்பது நான்கு.

கோவர்ஸின் கருத்தும் அதைச் சோதித்த ஆய்வுகளும்

லண்டன் மருத்துவர் வில்லியம் கோவர்ஸ் 1881இல் வலிப்பு நோய் பற்றிய புகழ்பெற்ற நூல் ஒன்றை வெளியிட்டார். ஒவ்வொரு வலிப்பும் அடுத்த வலிப்புக்குப் பாதை போட்டுக் கொடுக்கிறது என்பது அவருடைய கருத்து. காட்டில் ஆள் நடக்க நடக்க ஒற்றையடிப் பாதை உண்டாவதைப் போல.

இது சரியென்றால் முதல் வலிப்பிலேயே மருந்து கொடுத்துப் பாதையை அடைத்துவிட வேண்டும், காத்திருப்பது ஆபத்து. கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அறிவியலில் நியாயமாகத் தோன்றுவது மட்டும் போதாது. சோதித்துப் பார்க்க வேண்டும்.

இந்த இடத்தில் மாணவர்கள் வழக்கமாக ஒன்று கேட்பார்கள்: “மருந்து சாப்பிட்டவர்களையும் சாப்பிடாதவர்களையும் ஒப்பிட்டால் போதுமே, ஐயா?” போதாது. நிலைமை மோசமாக இருப்பவர்களுக்குத்தான் மருத்துவர்கள் மருந்து கொடுத்திருப்பார்கள். அவர்களுக்கு வலிப்பு அதிகம் வந்தால் அது மருந்தின் குற்றமா, நிலைமையின் குற்றமா என்று பிரிக்க முடியாது. ஆகவே நாணயம் சுண்டுவதைப் போல, யார் எந்தக் குழு என்பதைக் குலுக்கல் முறையில் முடிவுசெய்ய வேண்டும். அப்போது இரண்டு குழுக்களும் ஏறத்தாழ ஒரே மாதிரி இருக்கும். வேறுபாடு தெரிந்தால் அது மருந்தால் வந்தது எனலாம். அறிவியல் கூடத்தில் ஒரு மாறியை மட்டும் மாற்றி மற்றவற்றை மாறாமல் வைக்கிறோமே, அதே விதிதான்.

இத்தாலியில் ஒரு மருத்துவக் குழு இப்படிச் செய்து, 1993இல் முடிவை வெளியிட்டது. முதல் முறையாகப் பெரிய வலிப்பு வந்த 397 பேரில் ஒரு பகுதியினருக்கு உடனே மருந்து தரப்பட்டது. மற்றவர்களுக்கு மீண்டும் வந்தால் மட்டுமே. இரண்டு ஆண்டுகளில் மருந்து தொடங்காத குழுவில் வலிப்பு திரும்பும் வாய்ப்பு 51 விழுக்காடு. மருந்து எடுத்த குழுவில் 25 விழுக்காடு. ஆய்வுக்கு ஆய்வு எண் மாறும். இந்த ஆய்வில் சற்று உயர்வாகவே இருந்தது.

பாதியாகக் குறைந்துவிட்டதே, மருந்துக்குத்தான் வெற்றி என்று தோன்றுகிறதா? கொஞ்சம் கணக்குப் போடுவோம். 100 பேருக்கு மருந்து கொடுத்தால், 51 − 25 = 26 பேர் வலிப்பிலிருந்து காக்கப்படுகிறார்கள். 25 பேருக்கு மருந்து எடுத்தும் வலிப்பு வருகிறது. மிச்சம் 49 பேர்? மருந்தே எடுக்காவிட்டாலும் அவர்களுக்கு அந்த இரண்டு ஆண்டுகளில் வந்திருக்காது. அந்த 49 பேரும் தினந்தோறும் தேவையின்றி மாத்திரை விழுங்கியிருப்பார்கள். அவர்கள் யார் யார் என்று முன்கூட்டியே தெரியாது என்பதுதான் சிக்கல்.

கோவர்ஸின் கருத்துக்கான சோதனை அதன் பிறகுதான் வருகிறது. அதே இத்தாலிய நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து 1997இல் வெளியான முடிவு, வலிப்பின்றி நீண்டகாலம் இருக்கும் வாய்ப்பு இரு குழுக்களுக்கும் ஒன்றுதான் என்றது.

பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சி மன்றம் ஆதரித்த இன்னும் பெரிய ஆய்வு 2005இல் ‘லான்செட்’ இதழில் வந்தது. அதில் 1,443 பேர் பங்கேற்றார்கள். ஒரு வலிப்பு மட்டும் வந்தவர்களும் சில வலிப்புகள் வந்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். தொடக்க ஆண்டுகளில், உடனே மருந்து எடுத்தவர்களுக்கு வலிப்பு குறைவாக வந்தது. ஆனால் 5 ஆண்டுகள் கழித்துப் பார்த்தால், மூன்றாம் ஆண்டுக்கும் ஐந்தாம் ஆண்டுக்கும் இடையே வலிப்பே வராதவர்கள் உடனே மருந்து எடுத்த குழுவில் 76 விழுக்காடு. தள்ளிப்போட்ட குழுவில் 77 விழுக்காடு. வேறுபாடு இல்லை என்றே சொல்லலாம்.

இதற்கு என்ன பொருள்? மருந்து குடையைப் போன்றது. பிடித்திருக்கும்வரை நனையாமல் காக்கும். மழையை அது நிறுத்தாது. வலிப்பு வராமல் மருந்து தடுக்கிறது. ஆனால் வலிப்பு நோய் உருவாவதை அது தடுப்பதில்லை. அண்மைக் காலத்தில் நிபுணர்கள் ‘வலிப்பு நோய் எதிர்ப்பு மருந்து’ என்ற பழைய பெயரை விட்டு, ‘வலிப்புத் தடுப்பு மருந்து’ என்ற பொருள் தரும் பெயரைப் பயன்படுத்தத் தொடங்கியிருப்பதும் இதனால்தான்.

ஆகவே முதல் வலிப்புக்குப் பின் பொறுத்திருக்கும் ஒருவர் தம் எதிர்காலத்தை இழந்துவிடுவதில்லை. முடிவு செய்ய வேண்டியது அடுத்த இரண்டு ஆண்டுகளைப் பற்றித்தான்.

தராசின் இரு தட்டுகள்

மருந்து எடுப்பதிலும் சிரமம் உண்டு. தூக்கக் கலக்கம், தலைசுற்றல், எரிச்சல், மனச்சோர்வு ஆகியவை வரலாம். மேலே சொன்ன 2015 வழிகாட்டியின்படி 7 முதல் 31 விழுக்காட்டினருக்குப் பக்கவிளைவுகள் வருகின்றன. பெரும்பாலும் அவை இலேசானவை, மருந்தை மாற்றினால் சரியாகக் கூடியவை. வால்புரோயேட் என்னும் மருந்து கருவிலுள்ள குழந்தையைப் பாதிக்கக்கூடும் என்பதால் பெண்களுக்குத் தருவதில் கூடுதல் கவனம் வேண்டும்.

நம் வட்டாரத்தோடு நேரடித் தொடர்புள்ள செய்தியும் ஒன்று உண்டு. கார்பமாசெபின் என்ற மருந்து சிலருக்குத் தோல் உரிந்துபோகும் கடுமையான ஒவ்வாமையை உண்டாக்கும், உயிருக்கே ஆபத்தாகலாம். எச்.எல்.ஏ.-பி*1502 என்ற மரபணு வகை உள்ளவர்களுக்கு இந்த ஆபத்து அதிகம் என்று தைவான் ஆய்வாளர்கள் 2004இல் கண்டறிந்தார்கள். சீனர், மலாய்க்காரர் உள்ளிட்ட தென்கிழக்காசிய மக்களிடம் இவ்வகை பரவலாக இருக்கிறது, இந்தியர்களிடமும் உண்டு. சிங்கப்பூரில் ஆசிய வம்சாவளியினருக்கு இம்மருந்தைத் தொடங்குமுன் மரபணுச் சோதனை செய்வது 2013 முதல் நடைமுறையில் உள்ளது. ஓர் இரத்தச் சோதனை பெரிய ஆபத்தைத் தவிர்க்கிறது.

மறு தட்டையும் பார்க்க வேண்டும். மருந்தில்லாமல் இருக்கும்போது இரண்டாம் வலிப்பு வந்தால்? நீச்சல் குளத்தில் இருக்கும்போது வரலாம். சாலையைக் கடக்கும்போது வரலாம். தேர்வு மண்டபத்திலும் வரலாம். காயம் படலாம். “எப்போது வருமோ” என்ற பயமே சிலரை வீட்டுக்குள் முடக்கிவிடும். வாகனம் ஓட்டிப் பிழைப்பவருக்கு இன்னொரு வலிப்பு என்பது வேலையே போவது. அவருக்கும் பள்ளி மாணவருக்கும் ஒரே தராசு பொருந்தாது.

எனவே, யாருக்கு எது?

2014இல் அனைத்துலக வலிப்பு எதிர்ப்புக் கழகம் ஓர் அளவுகோலை வகுத்தது. உடனடிக் காரணமின்றி, 24 மணி நேரத்திற்கு மேற்பட்ட இடைவெளியில் இரண்டு வலிப்புகள் வந்தால் அது வலிப்பு நோய். ஒன்றே வந்திருந்தாலும், அடுத்த 10 ஆண்டுகளில் மீண்டும் வரும் வாய்ப்பு 60 விழுக்காடோ அதற்கு மேலோ இருந்தால் அதுவும் வலிப்பு நோயே. குறிப்பிட்ட வகை வலிப்பு நோய் என்று அடையாளம் தெரிந்தாலும் அப்படித்தான்.

பிரிட்டன் ஆய்வின் தரவுகளை 2006இல் மீண்டும் பகுத்துப் பார்த்தார்கள். ஒரே ஒரு வலிப்பு, சரியான இ.இ.ஜி., வேறு நரம்பியல் கோளாறு இல்லை என்ற நிலையில் இருந்தவர்களுக்கு உடனடி மருந்தால் பயன் தென்படவில்லை. மற்றவர்களுக்குப் பயன் இருந்தது.

சோதனைகள் எல்லாம் சரியாக உள்ள 16 வயது மாணவர் பெரும்பாலும் பொறுத்துப் பார்க்கலாம். பக்கவாதத்திற்குச் சில ஆண்டுகள் கழித்து முதல் வலிப்பு வந்த தாத்தாவுக்குப் பெரும்பாலும் மருந்து தொடங்குவார்கள். நடுவில் இருப்பவர்களுக்கு வேலை, வாழ்க்கை, மனநிலை எல்லாவற்றையும் வைத்து மருத்துவரும் குடும்பமும் சேர்ந்து முடிவெடுக்க வேண்டும். இக்கட்டுரை அந்த முடிவை எடுத்துத் தராது. மருத்துவரிடம் என்ன கேட்கலாம் என்பதைத் தெரிந்துகொள்ள உதவும். ஏற்கெனவே மருந்து எடுப்பவர்கள் இதைப் படித்துவிட்டுத் தாங்களாக நிறுத்திவிடக் கூடாது. திடீரென்று நிறுத்துவதே வலிப்பைக் கொண்டுவரும்.

பொறுத்திருப்பது சும்மா இருப்பதல்ல

பொறுத்துப் பார்ப்பதற்கும் விதிகள் உண்டு. நன்றாகத் தூங்க வேண்டும். தனியாக நீந்தக் கூடாது. குளியலறைக் கதவை உள்ளே தாழிடக் கூடாது. உயரமான இடங்களில் ஏறுவதைத் தவிர்க்க வேண்டும். வாகனம் ஓட்டுவது பற்றி மருத்துவரிடம் கேட்டே முடிவுசெய்ய வேண்டும். கை உதறல், வெறித்த பார்வை போன்றவை வந்தால் நாள், நேரத்தோடு குறித்துவைக்க வேண்டும். இரண்டாம் வலிப்பு வந்தால் கணக்கே மாறிவிடும். 1998இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், இரண்டாவது வந்தவர்களுக்கு அடுத்த 4 ஆண்டுகளில் மூன்றாவது வரும் வாய்ப்பு சுமார் 73 விழுக்காடாக இருந்தது. அப்போது பொதுவாக மருந்து தொடங்கப்படும். அந்த நிலையிலும் நம்பிக்கை இழக்க வேண்டியதில்லை. சரியாகக் கண்டறிந்து மருந்து கொடுத்தால் வலிப்பு நோயாளிகளில் 70 விழுக்காட்டினர் வரை வலிப்பின்றி வாழ முடியும் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம்.

நம் கண்ணெதிரே ஒருவருக்கு வலிப்பு வந்தால் நாம் செய்ய வேண்டியவை இவை:

• கடிகாரத்தைப் பாருங்கள். எத்தனை நிமிடம் நீடிக்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள்.
• மேசை, நாற்காலி போன்றவற்றை அப்பால் நகர்த்துங்கள். தலைக்குக் கீழே மென்மையாக ஏதாவது வையுங்கள்.
• கைகால்களை அழுத்திப் பிடிக்காதீர்கள். வாயில் கரண்டி, விரல், தண்ணீர் எதையும் வைக்காதீர்கள்.
• இரும்புச் சாவியைக் கையில் கொடுப்பதால் பயனில்லை. வலிப்பு பெரும்பாலும் தானாகவே நின்றுவிடும். சாவி கொடுத்த நேரத்தில் நிற்பதால் சாவிதான் நிறுத்தியது என்ற எண்ணம் வந்தது.
• இழுப்பு அடங்கியதும் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். முழுமையாகத் தெளியும்வரை பக்கத்தில் இருங்கள்.
• 5 நிமிடத்திற்கு மேல் நீடித்தாலோ, தெளிவதற்குள் மீண்டும் வந்தாலோ, காயம் பட்டிருந்தாலோ, அதுவே முதல் தடவை என்றாலோ ஆம்புலன்ஸை அழையுங்கள். மலேசியாவில் 999, சிங்கப்பூரில் 995.

அந்த நண்பர் மீண்டும் பள்ளிக்கு வரும் நாளில் எப்போதும்போல் பக்கத்தில் உட்காருங்கள். வலிப்பு மறுபடி வருமோ என்ற கவலை அவருக்கு ஏற்கெனவே இருக்கும். வகுப்பு ஒதுக்கிவிடுமோ என்ற கவலையாவது இல்லாமல் நம்மால் பார்த்துக்கொள்ள முடியும்.